வார இறுதிக்கு மட்டும் ஒரு பழைய பாக்ஸ்டர்: இலண்டனில் வைத்திருக்க என்ன செலவாகும்?

ஹரோவாசி:

வணக்கம் உறவுகளே. பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதால், நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த ஆசையொன்றை இந்தக் கோடைக்குள் நிறைவேற்ற எண்ணியிருக்கிறேன். வேலைக்குப் போய்வர ஹைபிரிட் கார் ஒன்று இருக்கிறது. எனவே நான் தேடுவது, ஞாயிறு காலைகளில் கூரையைத் திறந்துகொண்டு சில்டர்ன் மலைப்பக்கம் ஓட்டிவர, இரண்டே இருக்கைகள் கொண்ட ஒரு கார். 2005க்கும் 2008க்கும் இடையில் வந்த 987 வகைப் போர்ஷே பாக்ஸ்டர் இப்போது புதிய குடும்பக் காரொன்றின் விலையில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கிறது. அது வேண்டாமென்றால் அதே காலத்து மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

ஆண்டுக்கு 2,000 மைலுக்கு மேல் ஓடப்போவதில்லை. ஓட்டம் குறைவென்றால் செலவும் குறைவாகத்தானே இருக்கும் என்பது என் கணக்கு. மனைவி அதை ஏற்கவில்லை. ஐஎம்எஸ் பேரிங் என்ற சொல்லை எங்கு போனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. அது உண்மையில் எவ்வளவு பயப்பட வேண்டிய விடயம்? வீட்டு முன்றலில் ஒரு காருக்கு மட்டுமே இடமுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பர்மிங்ஹாம் பட்டறை:

ஐயா, உங்கள் மனைவியின் கணக்கே சரி. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பராமரிப்பில் மைல் கணக்கைவிட நாட்காட்டிதான் பெரிய பங்கு வகிக்கிறது. பாக்ஸ்டரின் இன்ஜின் ஏறக்குறைய எட்டு லிட்டர் ஆயில் கொள்ளும். நீங்கள் 2,000 மைல் ஓட்டினாலும் 12,000 மைல் ஓட்டினாலும் அதை ஆண்டுக்கொரு முறை மாற்றுவதே நல்லது, ஏனெனில் குறைவாக ஓடும் இன்ஜினில்தான் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் தங்குகின்றன. பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற வேண்டும். டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகி இறுகிவிடும். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் என்பதால், கார் பார்க்கப் போகும்போது முதலில் குனிந்து அதைப் படியுங்கள். நான்கு சக்கரங்களில் நான்கு வெவ்வேறு மலிவு டயர்கள் பூட்டிய பாக்ஸ்டரின் மற்றப் பராமரிப்பும் பெரும்பாலும் அந்த இலட்சணத்தில்தான் இருக்கும்.

இனி ஐஎம்எஸ். கிராங்க் ஷாஃப்டிலிருந்து கேம் ஷாஃப்டுகளுக்கு விசையைக் கொண்டுசெல்லும் இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்கும், மூடி முத்திரையிட்ட பேரிங் அது. முத்திரை தளர்ந்து உள்ளிருக்கும் கிரீஸ் கழுவப்பட்டால் தேயத் தொடங்கும். உடைந்தால் டைமிங் குலைந்து இன்ஜினே போய்விடும். ஆனால் எல்லா ஆண்டு வண்டிகளுக்கும் ஆபத்து ஒரே அளவல்ல. 987க்கு முந்திய பாக்ஸ்டரான 986இன் தொடக்க காலக் கார்களில் இரட்டை வரிசைப் பேரிங் இருந்தது; 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள்; அதிகம் பேசப்படுவது அந்த ஒற்றை வரிசைதான். 2006 முதல் 2008 வரையான கார்களில் பெரிய பேரிங் இருக்கிறது. அது உடைவது அரிது. ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2005ஆம் ஆண்டுக் கார்களில் இரண்டு வகையும் உண்டு என்பதால் அந்த ஆண்டை வாங்குவோர் இன்ஜின் எண்ணைக் கொண்டு விசாரிக்க வேண்டும். 2009இல் வந்த புதிய இன்ஜின்களில் இந்த இடைத்தண்டே கிடையாது. அவற்றின் விலை ஏறி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிறிய பேரிங் உள்ள காரென்றால் கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவது வழக்கம், ஏனெனில் கியர்பாக்ஸை எப்படியும் இறக்கியாக வேண்டும். தனியார் நிபுணரிடம் கொடுத்தாலும் இரண்டும் சேர்ந்து ஆயிரம் பவுண்டைத் தாண்டும். பெரிய பேரிங் உள்ளதென்றால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பழைய ஃபில்டரை வெட்டி விரித்து உலோகத் துகள் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

என் அனுபவத்தில் பாக்ஸ்டர்காரர்களின் பணத்தை அதிகம் தின்பது பேரிங் அல்ல, அதைச் சுற்றியுள்ள சின்ன வேலைகள். முன்பக்கக் காற்றுத் துளைகளில் இலைகள் அடைந்து மக்கி, அவற்றின் ஈரத்தில் ரேடியேட்டர்களும் ஏசி கண்டென்ஸர்களும் அரிக்கின்றன. பம்பரைக் கழற்றாமல் அங்கே கை வைக்க முடியாது. இக்னிஷன் காயில்களில் வெடிப்பு விழுகிறது, பின்பக்கச் சுருள்வில்கள் முறிகின்றன. இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, மற்றக் கார்களைப் போல எளிதில் திறந்து பார்க்க மூடியும் இல்லை. ஆகவே பல வேலைகளுக்குக் காரை லிஃப்டில் ஏற்றியே தீர வேண்டும். பொருளைவிடக் கூலி கூடிவிடும்.

கறள் எதிர்ப்பாளன்:

எம்எக்ஸ்-5க்காகவும் யாராவது பேச வேண்டுமல்லவா? 2005இல் வந்த மூன்றாம் தலைமுறைக்கு டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். எஞ்சின் எளிமையானது, எண்ணெய் பாக்ஸ்டருக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பாதிதான், ஊரிலுள்ள எந்தக் கராஜிலும் திருத்தலாம். எதிரி ஒன்றுதான்: கறள். குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு கீழிருந்து தின்ன, கூரையின் வடிகால் துளைகள் அடைபட்டு நிற்கும் நீர் உள்ளிருந்து தின்னும். முந்திய தலைமுறையில் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியும் முன்பக்கச் சட்டமும் இப்படித்தான் அழிந்தன. மேலே பளபளக்கும் பெயின்ரை நம்பி எந்த எம்எக்ஸ்-5ஐயும் வாங்கக் கூடாது. பதிவெண்ணைக் கொடுத்தால் அரசின் இணையத்தளத்திலேயே பழைய எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுதோறும் அரிப்பைப் பற்றிய குறிப்பு வந்துகொண்டிருந்து, ஓராண்டு திடீரென்று மறைந்திருந்தால், கீழே யாரோ கறுப்புப் பூச்சு பூசி மறைத்திருக்கிறார்கள் என்று ஐயப்படலாம்.

வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2001 மார்ச்சுக்கும் 2017 மார்ச்சுக்கும் இடையில் பதிவான கார்களுக்குக் கரியமில வாயு அளவை வைத்தே வரி. கிலோமீற்றருக்கு 225 கிராமைத் தாண்டும் கார் 2006 மார்ச் 23க்கு முன் பதிவாகியிருந்தால், 2025 ஏப்ரல் விகிதப்படி ஆண்டுக்கு 430 பவுண்டு. அந்த நாளிலோ அதற்குப் பிறகோ பதிவாகியிருந்தால் 735 பவுண்டு, 255 கிராமையும் தாண்டினால் 760. ஒரே கார், ஒரே நிறம், சில வார வித்தியாசம்தான்! மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 அதே 2025 விகிதப்படி பெரும்பாலும் 400 பவுண்டுக்குள் அடங்கும். உங்கள் காலத்துக் கார்கள் இரண்டுமே யூலெஸ் எனப்படும் இலண்டன் புகைக் கட்டுப்பாட்டு வலயத்தின் யூரோ 4 நிபந்தனைக்குள் வருபவை. இருந்தாலும் காசு கொடுக்குமுன் பதிவெண்ணை இட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், தேறாத காரென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு.

ஹரோவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. பார்த்து வைத்திருக்கும் கார் 2006 ஜூனில் பதிவான 2.7 லிட்டர் பாக்ஸ்டர், ஆகவே அந்த 735 பவுண்டுக் கதை எனக்கும் பொருந்தலாம். குளிர்கால மாதங்களில் காரை வீதியிலிருந்து விலக்கி, வரியையும் காப்புறுதியையும் நிறுத்திவைக்க இயலுமா? விற்பவர் 38,000 மைல் என்கிறார். ஆனால் கடைசியாக எண்ணெய் மாற்றியதற்கான பற்றுச்சீட்டு நான்கு ஆண்டுகளுக்கு முந்தியது.

கறள் எதிர்ப்பாளன்:

கார் வீதியில் ஓடாது என்று அரசுக்குத் தெரிவிக்கும் சோர்ன் அறிவிப்பைக் கொடுத்தால் மீதமுள்ள முழு மாதங்களுக்கான வரி திரும்பி வரும். ஆனால் சோர்ன் செய்த கார் பொதுத் தெருவில் நிற்கக்கூடாது என்பதால் முன்றலை அதற்குக் கொடுத்து, ஹைபிரிட்டைத் தெருவில் விட வேண்டியிருக்கும். அதை வீட்டில் முதலில் பேசிவிடுங்கள். காப்புறுதியை முற்றாக நிறுத்த வேண்டாம். நிற்கும் காருக்கும் திருட்டு, தீ இரண்டும் உண்டு. இரண்டாவது காருக்குரிய, மைல் வரம்புள்ள ஒப்பந்தமொன்றை விசாரியுங்கள்; இழப்பீடு கோராமல் ஓட்டியதற்காக முதல் காரின் காப்புறுதியில் சேர்த்த கட்டணக் கழிவு தானாக இதற்கு வரும் என்று எண்ண வேண்டாம்.

பர்மிங்ஹாம் பட்டறை:

நிறுத்தி வைக்கும் மாதங்களில் பேட்டரி சார்ஜ் இறங்காமல் காக்கும் மெயின்டெய்னரை இணைத்துவிடுங்கள். 987இல் பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, அந்த டிக்கி திறப்பதோ மின்சாரத்தால். பேட்டரி செத்தால் ஃப்யூஸ் பெட்டி வழியாக வேறொரு பேட்டரியின் மின்சாரம் கொடுத்து மூடியைத் திறக்க வேண்டியிருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பலருக்குப் பழக்கம். அது நல்லதைவிடக் கெடுதலே செய்யும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டி ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்துங்கள், இல்லையெனில் எடுக்கவே வேண்டாம்.

அந்த 38,000 மைல் காரைப் பற்றி: நான்கு ஆண்டுகளாக ஆயில் மாற்றாத குறைந்த மைல் காரைவிட, ஆண்டு தவறாமல் பில் வைத்திருக்கும் 80,000 மைல் காரையே நான் எடுப்பேன். இதுவே வேண்டுமென்றால், போர்ஷே வேலை மட்டும் செய்யும் தனியார் நிபுணர் ஒருவரிடம் வாங்குமுன் சோதனைக்குக் கொண்டுபோங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கவும், சிலிண்டர் சுவர்களில் கீறல் உண்டா என்று போரஸ்கோப் என்ற சிறு கேமராவை விட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். அந்தக் கீறல் 3.4 இன்ஜினில்தான் அதிகம், 2.7இல் குறைவு, ஆனாலும் நெடுநாள் நின்ற காரைப் பார்க்காமல் விடக்கூடாது. சோதனைக்கு விற்பவர் இணங்கவில்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். இணங்கினால், நான்கு டயர், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் புதிதாக மாற்ற ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.