ஓடும் வண்டியில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பொள்ளாச்சிக்காரன்:

போன மழைக்காலத்தில் வால்பாறையிலிருந்து ஆழியார் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். மச்சானுடைய பழைய பெட்ரோல் கார், அவர்தான் ஓட்டினார். 40 கொண்டை ஊசி வளைவுள்ள ரோடு, தெரியும்தானே. மேலே ஒரு வளைவில் திரும்பும்போது மீட்டரில் அந்தச் சிவப்பு எண்ணெய்க் கேன் படம் சட்டென்று எரிந்து அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடி. நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை. "வயர் லூசா இருக்கும் மாப்ளே, கீழே போய்ப் பாத்துக்கலாம்" என்றார். நான் விடவில்லை, அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டச் சொல்லி இன்ஜினை அணைக்க வைத்தேன். பத்து நிமிஷம் விட்டு, எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால் நுனியில்கூட ஈரம் இல்லை. சரிவில் நிற்கும் வண்டியில் அளவு சரியாகக் காட்டாதுதான், ஆனாலும் இந்த அளவுக்கு வறட்சியா? கடைசியாக எப்போ ஆயில் மாத்தினீங்க என்று கேட்டேன், மச்சான் காட்டுக்குள் காட்டெருமை ஏதாவது நிற்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வழியாக வந்த டூரிஸ்ட் வேன் டிரைவர் அண்ணன் ஒருத்தர் தன்னிடமிருந்த ஒரு லிட்டர் கேனைக் கொடுத்தார். ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைந்தது, ஆழியார் வரை எந்த வளைவிலும் எட்டிப் பார்க்கவில்லை. கீழே எங்கேயும் ஒழுகல் கிடையாது. இன்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது, இவர் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான் விஷயம். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஈரோடு கேரேஜ்:

மச்சான் தப்பித்தார். எண்ணெய் மட்டம் குறைந்திருக்கும்போது வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பில் கிடக்கும் ஸ்ட்ரெய்னர் (பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் வலை) எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். பிரஷர் போய்விடும், விளக்கு எரியும். பிரேக் அடிக்கும்போது மட்டும் எரிகிறது என்று வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. இந்த விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச், பல கார்களில் பிரஷர் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். ஹைவேயில் ஓடும் நல்ல இன்ஜினில் 3, 4 பார் இருக்கும். அப்படியென்றால் விளக்கு வரும்போது பிரஷர் கிட்டத்தட்ட செத்துவிட்டது. "குறையுது, கவனி" என்று முன்கூட்டிச் சொல்கிற விளக்கு இல்லை அது. சில கார்களில் மட்டம் குறைந்தால் மஞ்சள் விளக்கு தனியாக வரும், அதற்கு அடுத்த பங்க் வரை போகலாம். சிவப்புக்குப் போகக் கூடாது, உடனே அணைக்க வேண்டும். இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். அது இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு உரசும், பிஸ்டன் ராடு கிராங்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் காலியாகி டக் டக் சத்தம் வரும், டர்போ வண்டியானால் டர்போவும் சேர்ந்து போகும். "பங்க் பக்கத்துலதான் இருந்துச்சு சார், ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று சொல்லிக்கொண்டே ரெக்கவரி வண்டியில் ஏறி வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பெருந்துறைப் பக்கம் ஒருவர் கார், டிப்ஸ்டிக்கில் எண்ணெய் ஃபுல், ஆனால் விளக்கு அணையவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் சென்சார் கோளாறு என்று சொல்ல, அவரும் புது சுவிட்ச் போட்டிருக்கிறார், அப்போதும் எரிந்திருக்கிறது. நாங்கள் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் அளக்கும் கேஜ் மாட்டினோம், முள் அசையவே இல்லை. சம்பை இறக்கினால் ஸ்ட்ரெய்னர் வலை முழுக்கக் கறுப்புக் கசடு. வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய வண்டி, கிலோமீட்டர் ஏறவில்லை என்று வருஷக் கணக்கில் ஆயில் மாற்றாமலே விட்டிருக்கிறார். நல்லவேளை, விளக்கோடு அதிகம் ஓட்டாததால் பேரிங் பிழைத்தது.

வண்டி எண் பழசு:

உடனே அணைக்கணும் என்கிறீர்கள், அணைத்தால் ஸ்டீயரிங் இறுகுமே அண்ணா? நடு ரோட்டில் என்ன செய்வது?

ஈரோடு கேரேஜ்:

நல்ல கேள்வி தம்பி. ஓடுகிற வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள், பவர் ஸ்டீயரிங் இறுகும், பிரேக்கும் ரெண்டு மூன்று மிதிக்கு மேல் கல்லாகிவிடும். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, இண்டிகேட்டர் போட்டு ஓரத்துக்கு உருட்டி, நின்ற நொடியில் அணைத்துவிடுங்கள். ஏசி ஓட வேண்டும் என்று நிற்கும் வண்டியில் இன்ஜினை ஐடிலில் ஓட விடுவது மட்டும் வேண்டாம், ஐடிலில்தான் பம்ப் மெதுவாகச் சுற்றும். எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தபிறகு சில நொடிகளில் விளக்கு அணையாவிட்டால் மறுபடி முயற்சி வேண்டாம், கட்டி இழுத்து வாருங்கள்.

திருச்சி பைபாஸ்:

எங்களுடையது வேறு கதை. பெயின்ட் அடிக்காத வேகத்தடை, ராத்திரி நேரம், அடியில் 'டொம்' என்று ஒரு அடி. ஆயில் விளக்கு வருவதற்கு முன்பே அப்பா நிறுத்தி அணைத்துவிட்டார், பழைய லாரி டிரைவர் புத்தி. டார்ச் அடித்துப் பார்த்தால் அலுமினிய சம்ப் பிளந்து எண்ணெய் ரோட்டில் கோடு போட்டிருந்தது. நேஷனல் ஹைவே என்பதால் ஹைவே உதவி எண் 1033க்கு அடித்தோம், இழுவை வண்டி வந்தது. சம்ப், கேஸ்கெட், ஆயில், ஃபில்டர், அதோடு முடிந்தது.

எங்கள் தெருவில் ஒருவருக்கும் இதேபோல் கல் பட்டது, அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டி இன்ஜின் இறுகி சீஸ் ஆகிவிட்டது. இன்சூரன்ஸில் கேட்டதற்கு, அடிபட்ட சம்புக்குக் கொடுப்போம், எண்ணெய் இல்லாமல் ஓட்டி இன்ஜின் போனதற்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சாதாரண பாலிசியில் பெரும்பாலும் இதுதான் நிலைமை, இன்ஜின் புரொடெக்ட் என்கிற கூடுதல் கவர் தனியாகப் போட்டிருந்தால்தான் பேச்சுக்கே இடம். அதிலும் விளக்கு எரிந்த பிறகு ஓட்டினீர்களா என்று நோண்டுவார்கள்.

டபுள் ஷிஃப்ட்:

சர்வீஸ் முடித்து எடுத்த அன்றே சிவப்பு எரிந்தால் ஃபில்டரைப் பாருங்கள். எங்கள் ஆபீஸ் வண்டியில் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதுசை மாட்டிவிட்டார்கள். கேட் தாண்டுவதற்குள் எண்ணெய் மொத்தமும் கீழே.

சின்ன டர்போ:

மட்டம் சரி, ஒழுகலும் இல்லை என்றாலும் சும்மா இருக்க முடியாது, அதற்கு ஒரு உதாரணம். ஃபோர்டு 1.0 எக்கோபூஸ்ட் இன்ஜினில் ஆயில் பம்பைச் சுற்றுவதே எண்ணெய்க்குள் ஓடும் ஒரு பெல்ட். அந்த பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடைந்து பிரஷர் போகலாம் என்பதால் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் இரண்டையும் சேர்த்து சுமார் 1,40,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இங்கேயும் எக்கோஸ்போர்ட்டில் அந்த 1.0 இன்ஜின் வந்தது, வைத்திருக்கிறவர்கள் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி எண் பழசு:

என் வண்டியில் சிக்னலில் நிற்கும்போது மட்டும் மினுக்குகிறது, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. மட்டம் சரியாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் கெட்டியான ஆயில் போட்டால் போய்விடும் என்கிறார்.

ஈரோடு கேரேஜ்:

விளக்கு போகும், வியாதி போகாது. இன்ஜின் சூடேறி எண்ணெய் இளகினதும் ஐடிலில் எரிகிறது என்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், அதிகப்படியான பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கலாம், இல்லை சுவிட்சே பொய் சொல்லலாம். கேஜ் மாட்டாமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு அளக்கச் சொல்லுங்கள், 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (ஒரு பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ) என்பது பழைய மெக்கானிக்குகள் போடும் தோராயக் கணக்கு, உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இன்னொன்று, சாவியை ஆன் செய்யும்போது அந்த விளக்கு எரிகிறதா? எரிந்துவிட்டு, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கும், இல்லை யாராவது வயரைப் பிடுங்கியிருப்பார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

வண்டி எண் பழசு:

கேஜ் போட்டுப் பார்த்தாச்சு அண்ணா. சூடான ஐடிலில் 15 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கவில்லை, மேனுவல் அளவுக்கு மேலேயே இருக்கிறது. சுவிட்ச் உள்ளுக்குள் கசிந்து அதன் வயர் பிளக் முழுக்க எண்ணெய். புது சுவிட்ச் போட்டதும் மினுக்கல் நின்றுவிட்டது, கெட்டி ஆயில் ஊற்றவில்லை.