ஒரே ஒரு ஃபைபர் படகு: மோல்டா, ஃபோமா, பிளைவுட்டா?

பாம்பன்காரன்:
பாய் கட்டி ஓட்ட 16 அடிப் படகு ஒன்றை நானே கட்டப் போகிறேன். ஒன்றே ஒன்றுதான், விற்பதற்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை இருக்கிறது. மோல்டு (அச்சு) செய்து அதற்குள் ஃபைபர் அடிப்பதா, ஃபோம் வைத்து இருபுறமும் ஃபைபர் போடுவதா, பிளைவுட்டை வெட்டி ஒட்டி எபாக்ஸி என்ற பிசின் பூசுவதா?

பட்டறைக்காரர்:
மோல்டுதான் தம்பி. 2004 சுனாமிக்கு அப்புறம் நம் கரையை நிறைத்த ஃபைபர் படகுகள் மோல்டில் அடித்தவைதான். முதலில் ஜெல்கோட் (வெளிப்பக்கமாக வரும் நிறப்பூச்சு), மேலே சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் (துண்டு இழைகளைச் சேர்த்த விரிப்பு), அப்புறம் ரோவிங் (தடித்த நெய்த இழை), மறுபடி மேட். கழற்றும்போதே வெளிப்பக்கம் பளபளவென்று வரும். மற்ற முறைகளில் உப்புத்தாளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும்.

மரமும் பசையும்:
அண்ணே, அந்தப் பளபளப்பு மோல்டுக்கு எங்கிருந்து வந்தது? முதலில் செய்த மாதிரியைத் தேய்த்துத்தானே? மாதிரி, அதன் மேல் மோல்டு, மோல்டுக்குள் படகு என்று ஒரு படகுக்காக மூன்று முறை கட்டச் சொல்கிறீர்கள். இருபது படகு அடித்தால் அந்தச் செலவு பரவும், இவருக்குப் பரவாது.

பிளைவுட் தகடுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, உள்மூலையில் எபாக்ஸிப் பட்டி வைத்து, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்டினால் படகின் ஓடு தயார். 1962-இல் பிரிட்டனில் வடிவமைத்த மிரர் பாய்மரப் படகும் இப்படிக் கம்பியால் தைத்து நாடா ஒட்டியதுதான். 70,000-க்கும் மேல் கட்டப்பட்டது, அதில் பெரும்பகுதி வீட்டில் கட்டியவை.

லேசான படகு:
பிளைவுட்டில் ஒரு ஆணித் துளை வழியாக நல்ல தண்ணீர் இறங்கினால் போதும், உள்ளுக்குள் உளுத்துவிடும். பிவிசி ஃபோம் உளுக்காது. சட்டங்களின் மேல் ஃபோம் பட்டைகளை உள்ளிருந்து திருகி, வெளியே ஃபைபர் போட்டு, கவிழ்த்து, உள்ளே போட வேண்டியதுதான். வளைவான வடிவமும் வரும். நடுவில் ஃபோம் வைத்துத் தடிமனைக் கூட்டினால் வளையாமல் நிற்கும் உறுதி பல மடங்காகும், எடையோ அந்த அளவுக்கு ஏறாது.

பட்டறைக்காரர்:
கவிழ்க்கும்போது உள்பக்கம் ஃபைபர் இருக்காது. ஓடு தொளதொளவென்று ஆடும், தொட்டில் கட்டித் தாங்காவிட்டால் வடிவமே கோணிவிடும். அதைவிடப் பெரிய விஷயம் மணலில் இழுப்பது. வெளித்தோல் மெல்லியது, ஒரு கிளிஞ்சல் கிழித்தால் தண்ணீர் ஃபோமுக்குப் போகும். அடிப்பகுதியில் ஃபோமே வேண்டாம், திடமான ஃபைபர்தான் தாங்கும். வேறு படகுக்குச் செய்த மோல்டு எங்காவது சும்மா கிடந்தால் வாடகைக்கு எடுங்கள், ஓடு மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

லேசான படகு:
அடிப்பகுதி பற்றிச் சொன்னது சரி. போல்ட் வரும் இடங்களிலும் ஃபோமை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முடுக்கும்போது நசுங்கும். ஆனால் விலா, பக்கம், மேல்தளம் எல்லாம் ஃபோம்தான் என்பதில் நான் மாறவில்லை. பாம்பன்காரரே, காசு மிச்சம் என்று தெர்மாகோல் மட்டும் வாங்கிவிடாதீர்கள். பாலியஸ்டர் ரெசினில் (ஃபைபர் படகுக்கு வழக்கமாகப் போடும் பிசின்) இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம் அதைக் கரைத்துவிடும்.

பாம்பன்காரன்:
வாடகை மோல்டு யோசனை நல்லதுதான். ஆனால் இங்கே கிடைப்பவை இன்ஜின் வைத்த மீன்பிடிப் படகுக்கானவை, எனக்குப் பாய்க்கேற்ற வடிவம் வேண்டும். பிளைவுட் பக்கம் சாய்கிறேன். எபாக்ஸி விலைதான் பயமுறுத்துகிறது. அதற்குப் பதிலாகப் பிளைவுட் மேல் பாலியஸ்டர் போடலாமா?

மரமும் பசையும்:
வேண்டாம். பாலியஸ்டர் மரத்தை உறுதியாகப் பிடிக்காது, சில மழைக்காலம் போனால் ஓரத்திலிருந்து உரிய ஆரம்பிக்கும். காசை எபாக்ஸியில் போடுங்கள், இழையில் மிச்சம் பிடியுங்கள்.

பட்டறைக்காரர்:
இதில் நானும் அவர் பக்கம். எபாக்ஸிக்கு மேட் வாங்காதீர்கள். மேட்டின் இழைகளைச் சேர்த்துவைக்கும் பசை ஸ்டைரீனில்தான் இளகும், எபாக்ஸியில் விறைப்பாகவே நின்று மூலையில் படியாது. நெய்த துணி வாங்குங்கள். பாலியஸ்டரை இறுக வைக்கும் கட்டலிஸ்டை வெயிலில் குறைப்பதுபோல், எபாக்ஸியில் கலக்கும் ஹார்ட்னரைக் குறைக்க முடியாது, விகிதம் மாறினால் சரியாக இறுகாது. மெதுவாக இறுகும் ஹார்ட்னராக வாங்கி, விடியற்காலையில் வேலையை ஆரம்பியுங்கள். கலந்ததை வாளியில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றுங்கள், மொத்தமாக வைத்தால் சூடேறிப் புகையும்.