மார்பின்: பெண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வாந்தி?

பென்னாகரம் செவிலி:
வீட்டுவழிப் பராமரிப்பில் இருக்கும் புற்றுநோயாளிகளுக்கு, கடும் வலிக்கான மார்பின் அரை மாத்திரை, அதாவது 5 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆண்கள் தாங்குகிறார்கள். பெண்கள் ரெண்டாம் நாளே வாந்தி தாங்காமல் நிறுத்திவிடுகிறார்கள். வலியும் அவர்களுக்கு மெதுவாகத்தான் அடங்குகிறது. பெண்களுக்குக் குறைத்துத் தொடங்கலாமா?

மயக்கவியல், கிருஷ்ணகிரி:
பெண் என்பதற்காக மட்டும் குறைக்காதீர்கள் சிஸ்டர். வலியும் அடங்காது, வாந்தியும் முழுசா நிற்காது. ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தியைக் கணிக்க 4 கேள்விகள் உண்டு: பெண்ணா, புகைக்காதவரா, பயணத்தில் வாந்தி வருமா, ஓபியாய்டு (மார்பின் வகை வலி மருந்து) போகிறதா. நாலும் ஆம் என்றால் வாந்திக்கான வாய்ப்பு 80 சதவீதம் வரை. வீட்டில் தரும் மார்பின் மாத்திரைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் "தொப்பூர் கணவாயில் பஸ்ஸில் வாந்தி வருமா?" என்று கேட்டுவிடுங்கள். வரும் என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லி இரவில் வாந்தியை அடக்கும் ஹாலோபெரிடால் 0.5 மி.கி. எழுதி வாங்குங்கள். குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். குடல் அடைப்பு சந்தேகம் இருந்தால் (கருப்பைப் புற்று, சினைப்பைப் புற்று) குடலை வேகமாக இயக்கும் வாந்தி மருந்தான மெட்டோகுளோப்ரமைடு வேண்டாம்.

வலி மெதுவாக அடங்குவதும் கற்பனை இல்லை. ஆரோக்கியமானவர்களிடம் செய்து 2000-இல் வெளியான ஆய்வில் ரத்தத்தில் மார்பின் அளவு இருபாலருக்கும் ஒன்றுதான். பெண்களிடம் வலிநிவாரணம் கூடுதல், ஆனால் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக. "ஒண்ணும் கேக்கல" என்று அரை மணியில் இன்னொன்று கொடுத்துவிடக் கூடாது.

வலிநிவாரண மருத்துவர், தருமபுரி:
இதைவிட ஆபத்தானது கிட்னி. மார்பினின் வீரியமுள்ள கழிவுப்பொருள் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். 70 வயது, 40 கிலோ, கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 1.0: லேப் ரிப்போர்ட்டில் நார்மல். கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்று கணக்குப் போடுங்கள்: (140−70)×40÷72 = 39. பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும், 33. அந்தப் பாட்டிக்கு 5 மி.கி. 4 மணிக்கொருமுறை அதிகம். 2.5 மி.கி., 6 மணிக்கொருமுறை என்று தொடங்குவது நல்லது. கை கால் வெட்டி இழுத்தால், தூக்கம் கலையாமல் இருந்தால், அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள்.

ஓசூர் மருந்தாளுநர்:
டிரமடால் என்ற வலி மாத்திரையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஃப்ளோரைடு தண்ணீரால் முட்டியும் முதுகும் இறுகியவர்களுக்கு அதுதான் அதிகம் போகிறது. அதன் வாந்திக்கு ஒண்டன்செட்ரான் கொடுத்தால் வலிநிவாரணமே குறையலாம். மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸிடின் சாப்பிடுபவருக்கு இரட்டைக் கெடுதல்: டிரமடால் சரியாக வேலை செய்யாது, வலிப்பு வரும் அபாயமும் ஏறும். பாலூட்டும் தாய்க்கு டிரமடாலும் வேண்டாம், கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேண்டாம். சிலர் உடல் கோடீனை மிக வேகமாக மார்பினாக்கிவிடும், அது பால் வழியாகக் குழந்தைக்குப் போகும்.

பென்னாகரம் செவிலி:
நன்றி சார். மலச்சிக்கலுக்கு?

வலிநிவாரண மருத்துவர், தருமபுரி:
பிசகோடில் 10 மி.கி. இரவில், மார்பின் தொடங்கும் அன்றே. இதில் ஆண் பெண் கணக்கே இல்லை. மூணு நாள் போகாத வயிறும் வாந்தியாக வெளிப்படும், முதலில் அதைப் பாருங்கள்.