மறு: ‘ஈ மீன்பிடிப்பு’ வேண்டாம் – ‘கட்டிரைத் தூண்டில்’ சரியா?

வணக்கம்.

மூன்று நாளாக எல்லாரும் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன், பதில் போட இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கேட்டது ஒரே ஒரு சொல். அர்ஜென்டினாவின் கொரியெந்தெஸ் மாநிலத்தில் இபெரா ஈரநிலம் இருக்கிறது, அங்கே விடுதியில் தங்கி டொராடோ மீனுக்குத் தூண்டில் போடப் போகிறவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார், ‘ஃப்ளை ஃபிஷிங்’ (‘ஃப்ளை’ என்றால் ஈ) என்பதற்குத் தமிழில் என்ன போடுவது என்று கேட்டார். வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஈயை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

> ஈ மீன்பிடிப்பு என்றே எழுதலாம். மூலச்சொல்லை ஒட்டி இருக்கிறது.

ஐயா, மன்னிக்க வேண்டும், இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்ததற்குக் காரணம் உண்டு. குளிர்நாட்டு ஆறுகளில் ட்ரவுட் மீன் நீர்மேல் வந்து விழும் பூச்சியைத் தின்னும், அந்தப் பூச்சி மாதிரியே இறகையும் நூலையும் வைத்துத் தூண்டில் முள்ளில் கட்டி ஏமாற்றினார்கள். டொராடோ அப்படி இல்லை. அது மற்ற மீன்களைத் துரத்தித் தின்கிற மீன், பிரானா எந்த வரிசையைச் சேர்ந்ததோ அதே வரிசை, தாடை அவ்வளவு பலம். அதற்குக் கட்டுவது நாலைந்து அங்குலம் நீளம் இருக்கும், மான் வால் முடியும் பளபளக்கும் இழையும் சேர்த்துக் கட்டியது, தண்ணீரில் இழுத்தால் சின்ன மீன் பயந்து ஓடுவது மாதிரி ஓடும். அதைப் போய் ஈ என்று எழுதினால் வாசிக்கிறவர் கண்ணில் என்ன படம் வரும்? தவளை மாதிரி, எலி மாதிரியெல்லாம்கூடக் கட்டுகிறார்கள், எல்லாமே ஈயா?

நம் மலேசியாவில் மலாய் நண்பர்கள் இதை ‘பாஞ்சிங் லாயாங்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மலாயில் ஈக்கு ‘லாலாட்’, அதை அவர்கள் தொடவே இல்லை. லாயாங் என்றால் காற்றில் மிதந்து போவது, லாயாங்-லாயாங் என்றால் பட்டம். கயிறு காற்றில் போகிற போக்கைப் பார்த்து வைத்த பெயர் மாதிரி எனக்குப் படுகிறது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

சரி, பெயர் வைக்கும் முன்னால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நாம் சின்ன வயதில் தோட்டத்துக் கால்வாயில் தவளைக்குஞ்சை முள்ளில் மாட்டி விரால் பிடித்தோமே, அதில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும், அந்தக் கனம்தான் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் அப்படியே தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பதற்குக் கனமே கிடையாது, கனம் கயிற்றில் இருக்கிறது. 8ஆம் எண் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி மட்டும் கிட்டத்தட்ட 13.6 கிராம், 5ஆம் எண் என்றால் 9 கிராம். கோலைப் பின்னால் வீசி, கயிறு முழுக்க நேராகும் வரை காத்திருந்து, பிறகு முன்னால் வீச வேண்டும். கயிறு ஒரு வளைவாக மடிந்து, அந்த மடிப்பு உருண்டு உருண்டு விரிந்து, கடைசியில் இறகுக் கட்டை மெதுவாகக் கொண்டுபோய் வைக்கும். அதனால்தான் அந்தக் கயிற்றுக்கு நான் ‘எடைக்கயிறு’ என்று பெயர் சொல்கிறேன். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

> சாட்டைத் தூண்டில்! கயிறு சாட்டை மாதிரிதானே சுழல்கிறது.

தம்பி, பார்த்ததும் எனக்கும் பிடித்துவிட்டது. சொல் நன்றாக இருக்கிறது, சட்டென்று புரிகிறது, கிராமத்து வாசனையும் இருக்கிறது. ஆனால் தூண்டில் போட்டுப் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் என் மச்சான் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தபோது பாடாங்கில்தான் (திடலில்) பழகினேன், முள் இல்லாமல், நுனியில் ஒரு சிவப்பு நூல்குஞ்சத்தைக் கட்டிக்கொண்டு. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: சாட்டை மாதிரி சொடுக்காதே. பின்னால் போன கயிறு நேராகும் முன்னே அவசரப்பட்டு முன்னால் இழுத்தால் ‘பளீர்’ என்று சத்தம் வரும், சத்தம் வந்தால் நுனியில் இருந்தது அறுந்து போயிருக்கும். கிரிக் பக்கம் தெமெங்கோர் ஏரிக்குத் தோமானுக்காக (விரால் இனத்துப் பெரிய மீன்) போன முதல் தடவை, காலையில் பசியாறிவிட்டுப் படகில் ஏறினோம், வெயில் ஏறும் முன்னே நாலு போய்விட்டது, ஒவ்வொன்றும் அவர் ராத்திரி உட்கார்ந்து கட்டியது. ஆக எதைச் செய்யக்கூடாதோ அதையே பெயராக வைத்துவிட்டால், பெயரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவன் தவறாகத்தான் கற்றுக்கொள்வான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் சாட்டை வேண்டாம் என்கிறேன்.

‘வீச்சுத் தூண்டில்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். வீச்சுவலை இருப்பதால் காதுக்கு ஒட்டுகிறது, ஆனால் கோல் வைத்துப் போடுகிற எல்லாத் தூண்டிலும் வீச்சுதான், வித்தியாசம் தெரியாது.

இப்போது என் யோசனை. ஆங்கிலத்தில் அந்த இறகுப் பொருளை ‘செய்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘கட்டுகிறேன்’ என்றுதான் சொல்வார்கள். நமக்கும் அதுவே இயல்பு. பூ கட்டுகிறோம், தோரணம் கட்டுகிறோம். முள்ளை ஒரு சின்னப் பிடியில் மாட்டி, நூலால் சுற்றிச் சுற்றி, இறகை வைத்து இறுக்கி, மறுபடி சுற்றி முடிச்சுப் போடுவதைப் பார்த்தால் மார்க்கெட் தெருவில் பூக்கடைக்காரம்மா சரம் கட்டுவதுதான் ஞாபகம் வரும், விரல்கள் அதே மாதிரி ஓடும். இது பழைய வேலையும்கூட. கி.பி. 200 வாக்கில் ரோமானியர் காலத்து எழுத்தாளர் ஒருவர் மாசிடோனியா ஆற்றங்கரை ஆட்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இரண்டு இறகை வைத்துக் கட்டிப் புள்ளி மீன்களைப் பிடித்ததாக எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கும் கட்டியதுதான், இன்றைக்கும் கட்டுவதுதான்.

ஆகவே: கட்டிரை. கட்டிய இரை. பூச்சி மாதிரி இருந்தாலும் மீன் மாதிரி இருந்தாலும் எலி மாதிரி இருந்தாலும் பெயர் பொருந்தும். உயிருள்ளது ‘இரை’, மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் தகட்டிலும் செய்தது ‘பொய்யிரை’ (நம் ஆட்கள் ‘கேவாங்’ என்பது), நூலால் கட்டியது ‘கட்டிரை’. மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. அப்புறம் அதை வைத்துப் போடுவது கட்டிரைத் தூண்டில். “இந்த வாரம் கட்டிரைத் தூண்டில் போடப் போறேன்” என்று வாயால் சொல்லிப் பாருங்கள், வருகிறது. எனக்கு அது முக்கியம். வாயில் வராத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். கட்டிரைக்கும் கட்டுரைக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். தட்டச்சில் தவறு வரும், பிழைதிருத்தி தானாக மாற்றிவைக்கும் (இந்த மடலிலேயே இரண்டு முறை மாற்றிவிட்டது). ‘இறகிரை’ என்று வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் டொராடோவுக்குக் கட்டுவதில் இறகே இல்லாமலும் இருக்கும், முடியும் இழையும் மட்டும்தான். தவறு வரும் என்பதற்காகச் சரியான சொல்லை விடுவதா என்று யோசிக்கிறேன். என் ஓட்டு கட்டிரைக்குத்தான்.

மற்றவை. டொராடோ என்றால் ஸ்பானிய மொழியில் ‘பொன் பூசியது’, உடம்பு முழுக்க அந்த நிறம். ஆனாலும் தங்கமீன் என்று எழுதாதீர்கள் அக்கா, நம் ஆட்களுக்குத் தங்கமீன் என்றால் கண்ணாடித் தொட்டியில் இருப்பது. கடலிலும் டொராடோ என்ற பெயரில் வேறொரு மீன் இருக்கிறது. ‘ஆற்று டொராடோ’ என்று ஒரு தடவை எழுதிவிட்டு அப்புறம் டொராடோ என்றே விடலாம். அதே காரணத்துக்காக, முள்ளுக்குக் குறள் 931இல் வருகிற ‘தூண்டிற்பொன்’ எனக்கு உயிர் என்றாலும், பொன்னிற மீனைப் பற்றிய கட்டுரையில் வேண்டாம், முள் போதும். நரம்பை இங்கே ‘தங்சி’ என்கிறோம், யாழ்ப்பாணத்தில் ‘தங்கூசி’, இரண்டும் ஒட்டி ஒலிப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். எடைக்கயிற்றுக்கும் கட்டிரைக்கும் நடுவில் வருகிற இழைக்கு ‘முன்னிழை’. டொராடோவின் பல்லுக்கு அதில் கம்பி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கடியில் போய்விடும்.

அடுத்து மீன் கவ்வியதும் முள்ளைப் பதிய வைப்பது. தமிழில் ‘சுண்டுதல்’ இருக்கும்போது புதிதாக எதற்கு? ஆனால் இரண்டு விதம் பிரிக்க வேண்டும். ட்ரவுட்டுக்குக் கோலை மேலே தூக்குவார்கள், அது கோற்சுண்டு. டொராடோவின் வாய் எலும்பு மாதிரிக் கெட்டி, கோலைத் தூக்கினால் கோல் வளையுமே தவிர முள் ஏறாது, அதனால் கோலைத் தண்ணீரை நோக்கியே வைத்துக்கொண்டு இடக்கையால் கயிற்றை ஒரே வெட்டாக இழுக்க வேண்டும், அது கைச்சுண்டு. தோமானுக்கும் இதே கைச்சுண்டுதான், அதன் வாயும் அப்படி.

> பிடித்துவிடுதல் – பிடித்தபின் மீண்டும் நீரில் விடுதல்

இது ஆபத்தான சொல். ‘பிடித்துவிட்டான்’ என்றால் தமிழில் பிடித்தே தீர்த்தான் என்று பொருள், விட்டான் என்று இல்லை! இடைவெளி விட்டு எழுதினாலும் வாசிக்கும்போது ஒன்றுதான். ‘மீளவிடல்’ என்று வைப்போம். இந்தச் சொல் அந்தக் கட்டுரைக்குக் கட்டாயம் தேவை, டொராடோவை ஈரக்கையால் ஏந்தி, நீரிலேயே வைத்து மூச்சு வாங்கவிட்டு, அது தானாக உதறிப் போகும் வரை பிடித்திருப்பது அங்கே வழக்கம், அதைத் தப்பான சொல்லால் எழுதக் கூடாது.

சண்டை போடுகிற மீனுக்கு ‘விளையாட்டு மீன்’ வேண்டாம், மீன் விளையாடவில்லை. ‘மல்லுமீன்’ எனக்குப் பிடித்திருக்கிறது, மல்லுக்கு நிற்கிற மீன். நம் ஆற்று மீன்களான கெலா, செபராவ், அப்புறம் தோமான் மூன்றையும் இதில் அடக்கலாம்.

ஈரநிலம் நிலைத்துவிட்ட சொல், சதுப்புநிலம் என்று குறுக்க வேண்டாம், இபெராவில் ஏரியும் ஓடையும் சேற்றுக்காடும் எல்லாம் கலந்து இருக்கிறது. அந்தப் பகுதிப் பழங்குடியினரின் குவாரனி மொழியில் அந்தப் பெயருக்கு ‘ஒளிரும் நீர்’ என்று பொருள். அதன் ஒரு பகுதி 2002இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது, 2018இல் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. நம் பகாங்கில் இருக்கும் தாசேக் பெரா 1994இலேயே ராம்சார் பட்டியலுக்குப் போய்விட்டது. பெயர்கூட ஒட்டி வருகிறது பாருங்கள், பெரா, இபெரா.

அக்கா, சொற்கள் உட்காருகின்றனவா என்று பார்க்க உங்கள் கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“படகு சத்தமில்லாமல் ஓடையில் நகர்கிறது. தண்ணீர் தெளிவு, அடியில் இருக்கும் பாசி தெரிகிறது. வழிகாட்டி மிதக்கும் திட்டின் ஓரத்தைக் கைகாட்டுகிறார். எடைக்கயிறு பின்னால் போய் நேராகி, முன்னால் விரிந்து, கறுப்புக் கட்டிரையைப் புல்லுக்கு ஒரு முழம் தள்ளி வைக்கிறது. இரண்டு இழுப்பு, மூன்றாவதில் டொராடோ அடிக்கிறது. கைச்சுண்டு. மீன் தண்ணீரை விட்டு எகிறித் தலையை உதறுகிறது, முள் பிடித்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்து, மீளவிடல்.”

இதில் ‘மிதக்கும் திட்டு’ மட்டும் எனக்கு உறுத்துகிறது. இபெராவில் செடிகொடிகளின் வேர் பின்னி, அதன்மேல் மண் சேர்ந்து, பாய் மாதிரி நீரில் மிதக்கிறது, காற்று அடித்தால் இடம் மாறும். திட்டு என்றால் நமக்கு அசையாமல் நிற்பது. ‘மிதவைப்பாய்’ என்று யோசித்தேன், அதுவும் படுக்கிற பாயை நினைவூட்டுகிறது. குளத்தில் ஆகாயத்தாமரை அடர்ந்து நகர்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், உங்கள் ஊரில் அதற்கு என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.