பனிமலையில் கூட வந்த ஆள்

2013 மழைக்காலம். அத்தை மகன் வீட்டில் பிளேஸ்டேஷன் 3 இருந்தது. அவன் தூங்கப் போன பிறகு ‘ஜர்னி’ என்ற வீடியோ கேமைப் போட்டேன். சுட யாரும் இல்லை, புள்ளிக் கணக்கு இல்லை, ஒரு வசனம்கூட இல்லை. மணல், தூரத்தில் உச்சியில் ஒளி தெரியும் மலை, சிவப்பு அங்கி போட்ட ஓர் உருவம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

மணல்மேட்டில் என்னைப் போலவே இன்னோர் உருவம் தெரிந்தது. ஆட்டத்தோடு வரும் பொம்மை என்று நினைத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் குருவி கூவுவது போல ஒரு சத்தம் வரும், அதுவும் பதிலுக்குக் கூவும். பேசவோ எழுதவோ வழியில்லை. ஓரிடத்தில் நான் வழி தெரியாமல் சுற்றியபோது, முன்னே போயிருந்த அது திரும்பி வந்து விடாமல் கூவியது. பொம்மைக்கு ஏது இந்த அக்கறை? அப்புறம்தான் உறைத்தது, மறுமுனையில் எங்கோ ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

பனிமலையில் காற்று ஆளைத் தூக்கும். பறக்க உதவும் கழுத்துத் துண்டு குளிரில் மங்கிவிடும், ஒருவரையொருவர் ஒட்டி நின்றால் இருவருக்கும் மறுபடி ஒளி ஏறும். ஒட்டியே நடந்தோம். கடைசி ஏற்றத்தில் ஜாய்ஸ்டிக் குச்சியை முழுசாக முன்னால் தள்ளுகிறேன், உருவத்தின் அடியோ சுருங்கிக்கொண்டே போகிறது. கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். இருவரும் விழுந்தோம். சினிமாவில் ஒருவர் பனியில் விழுந்தால் பார்த்து அழுவேன். இங்கே நடக்க முடியாமல் போனது நான்.

வீடியோ கேம் ஒருபோதும் கலையாகாது என்று 2010-ல் அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதினாரே, அது ‘ஜர்னி’யைச் செய்த தட்கேம்கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான கெல்லி சான்டியாகோவின் உரைக்கு மறுப்பாக எழுதியது. ஆடிப் பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாது என்று சில மாதங்களில் அவரே ஒப்புக்கொண்டார், கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த ஏற்றத்தில் அவர் கையில் குச்சியைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

* * *

நீங்கள் ‘ஜர்னி’ பற்றி எழுதியதைப் படித்தேன். எனக்கு நடந்தது வேறு. ‘டியர் எஸ்தர்’ என்ற ஆட்டத்தைப் போட்டு இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவு, நடப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று இந்த மாதிரி ஆட்டங்களைப் பலர் கிண்டல் செய்ததில் தப்பே இல்லை என்று தோன்றியது. மறுவாரம் முதலிலிருந்து ஆடினால், அதே பாதையில் கதைசொல்லி வேறு வரிகளைச் சொல்கிறார். தூக்கக் கலக்கத்தில் தவறாகக் கேட்டிருப்பேனோ என்று என் ஞாபகத்தையே சந்தேகப்பட்டேன். விசாரித்தால், பல துண்டுகளை எழுதி வைத்து ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக் கோக்கிறார்களாம். கதைசொல்லிக்கும் ஞாபகம் குழம்பித்தான் கிடக்கிறது. அது பிடித்திருந்தது. ஆனாலும் கலை என்று சொல்ல வாய் வரவில்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமே 2012-ல் 14 வீடியோ கேம்களைத் தன் தொகுப்பில் சேர்த்தபோது வடிவமைப்புப் பிரிவில்தானே வைத்தது?

அது சரி, அந்த ஆளுக்கு எழுதினீர்களா?

* * *

நீங்கள் சொன்ன அருங்காட்சியகத் தொகுப்பில் தீவில் சுற்றிப் புதிர் அவிழ்க்கும் ‘மிஸ்ட்’டும் இருக்கிறது, தட்கேம்கம்பெனியின் பழைய ‘ஃப்ளோ’வும் இருக்கிறது. எந்த அலமாரி என்பது அவர்கள் பாடு.

அந்த ஆளுக்கு எழுதவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் கூட வந்தவரின் ஐடியைக் காட்டுவார்கள், வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாக இருந்தது. பிளேஸ்டேஷன் கணக்கு அத்தை மகனுடையது. காலையில் “யாருடா இது?” என்று கேட்பானே என்று விட்டுவிட்டேன்.