சமூகவியல் படிக்கக் கல்விக் கடன் வாங்கலாமா?

கேள்வி:
சமூகவியலில் இளங்கலை படிக்கக் கடன் வாங்க எண்ணுகிறேன். பிற்கால வருமானத்தில் அதனை அடைக்க இயலுமா என்பதை எவ்வாறு கணிப்பது?

மறுமொழி 1:
மொத்தக் கடன், வேலையில் சேரும் முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டாதிருப்பது நல்லது. மாதத் தவணை குறைகிறதே என்று காலத்தை நீட்டிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: கடன் 100 எனில், 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 159ஆகவும், 15 ஆண்டுகளில் 193ஆகவும் திருப்பிச் செலுத்த நேரிடும்.

மறுமொழி 2:
படிக்கும் காலத்தில் சேரும் வட்டி மேற்சொன்ன கணக்கில் அடங்கவில்லை. சமூகவியலில் தொடக்கச் சம்பளம் பொதுவாகப் பொறியியலைவிடக் குறைவுதான். ஆயினும் புள்ளியியலும் கள ஆய்வும் கைவந்தவர்களைச் சந்தை ஆய்வு நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன.

மறுமொழி 3:
விரிவுரையாளர் பணிக்கு இளங்கலை போதாது. ஆகவே, முதுகலைச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.