ஸ்டான்லி கோப்பையின் கடைசி வளையத்தில் எட்டு அணிகள்: இதற்குள் எது திறம்? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஸ்காபரோவிலிருந்து:

டிசம்பர் விடுமுறையில் மகனைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ யங் வீதி, ஃப்ரன்ட் வீதிச் சந்தியில் இருக்கும் ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேமுக்குப் போனேன். பழைய வங்கிக் கட்டடம். வண்ணக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, ஐஸ் ஹொக்கியின் என்.எச்.எல். லீக்கில் வெல்லும் அணிக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை நிற்கிறது. யாரும் கிட்டப் போய்த் தொடலாம். மகன் தொடவில்லை. வெல்லுமுன் கோப்பையைத் தொட்டவன் பிறகு வெல்லமாட்டான் என்று ஹொக்கிக்காரரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பதினொரு வயதில் அவனும் அதைக் காக்கிறான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, வென்ற அணிகளின் பெயர்கள் பொறித்த வளையங்களில் ஆக அடியில் இருப்பதை வாசித்தான்.

ஒரு வளையத்தில் 13 அணிகளுக்கு இடம். எல்லாம் நிரம்பியதும் மேலே இருக்கும் பழைய வளையத்தைக் கழற்றி எடுத்து, கீழே புதிய ஒன்றைப் பூட்டுவார்கள். 2018இல் அப்படித்தான் செய்தார்கள். அதனால் இப்போதைய கடைசி வளையம் வாஷிங்டன் 2018இல் தொடங்குகிறது. பிறகு சென் லூயிஸ், டாம்பா இரண்டு தடவை, கொலராடோ, வேகஸ், புளோரிடா இரண்டு தடவை. எட்டு ஆண்டு, ஆறு கழகங்கள். வாசித்து முடித்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ளே ஆர் திறம்?" என்று கேட்டான். காரில் வீடு வந்து சேரும்வரை பேசியும் முடியவில்லை. அதனால்தான் இந்த இழை.

என் மனம் சொல்ல மறுக்கிற பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். புளோரிடா 2025.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸ், புளோரிடா, நாலு ஆட்டம் வென்றால் முடியும் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம், எங்கள் ஊரில். அண்ணன் வீட்டு பேஸ்மென்டில் இருபது பேர் இருந்தோம். ரோல்ஸ் தட்டு மேசையில், சின்னப்பிள்ளைகள் எல்லாம் நீலச் சட்டையில். அந்தத் தொடரில் லீஃப்ஸ் 2-0 என்று முன்னால் நின்றது. மூன்றாவது ஆட்டத்தில் புளோரிடாவின் பிராட் மார்ஷண்ட் ஓவர்டைமில் அடித்த கோலோடு காற்று மாறியது. ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் மைதானத்திலேயே 6-1. ஆறாவதில் நாங்கள் அங்கே போய் 2-0 என்று வென்றதும் எல்லோருக்கும் திரும்ப உயிர் வந்தது. ஏழாவது ஆட்டத்தின் முதல் பகுதி கோல் இல்லாமல் போனது. இரண்டாம் பகுதியில் மூன்று கோல், மூன்றும் அவர்களுடையது. மூன்றாம் பகுதி தொடங்கியதும் மேக்ஸ் டோமி ஒன்றை அடித்தார். பேஸ்மென்டே அதிர்ந்தது. நாங்கள் இருக்கையில் திரும்ப உட்காரவில்லை, ஒரு நிமிடத்துக்குள் புளோரிடா நாலாவதை அடித்துவிட்டது. அந்தக் கோல்தான் எனக்கு அந்த அணியைக் காட்டியது. பத்தொன்பதாயிரம் பேர் கத்துகிறார்கள், அவர்களுடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடிவு 6-1.

அந்தக் கோடையில் அவர்கள் ஆடிய நாலு தொடருமே வெளியூரில் தொடங்கியவை. டாம்பா, ரொறன்ரோ, கரோலைனா, எட்மன்டன். ஒன்றிலும் சொந்த மைதானச் சலுகை கிடையாது. இறுதித் தொடரின் நாலாவது ஆட்டத்தில் 3-0 என்று முன்னால் இருந்து ஓவர்டைமில் தோற்றார்கள். அப்படி ஒரு தோல்விக்குப் பிறகு பல அணிகள் எழும்பாது. இவர்கள் அடுத்த ஆட்டத்தில் எட்மன்டனிலேயே 5-2 என்று வென்றார்கள். ஆறாவது ஆட்டத்தில் சாம் ரைன்ஹார்ட் தனியாக நாலு கோல்.

என் அளவுகோல் ஒன்றுதான். தோற்கக்கூடிய இடத்தில், தோற்கக்கூடிய நாளில் எப்படி ஆடினார்கள்? அதனால் புளோரிடா 2025 முதலிடம், கொலராடோ 2022 இரண்டு, டாம்பா 2021 மூன்று. மீதியை நீங்கள் சொல்லுங்கள்.


டென்வரிலிருந்து:

அண்ணா, மன்னிக்கணும், கொலராடோ 2022தான் ஒன்று.

நான் கோயம்புத்தூர்க்காரன். இங்கே வேலைக்கு வந்தபோது ஹாக்கி என்றால் புல்தரை, ஒலிம்பிக்ஸ், அவ்வளவுதான். அலுவலக நண்பர்கள் 2022 பிளேஆஃப்புக்கு (பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. நாஷ்வில்லை 4-0, சென் லூயிஸை 4-2, எட்மன்டனை 4-0, கடைசியில் இரண்டு வருடமாகத் தொடர்ந்து ஜெயித்த டாம்பாவை 4-2. மொத்தம் 20 ஆட்டம், தோற்றது நாலே நாலு. இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம் 7-0. எதிரே நின்றது வாசிலெவ்ஸ்கி, அன்றைக்கு உலகத்திலேயே சிறந்த கோலி (கோல் காப்பாளர்) என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஆள்.

கேல் மக்காரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தடுப்பாட்டக்காரர், ஆனால் 20 ஆட்டத்தில் 29 புள்ளி (கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து). பின்னோக்கிச் சறுக்குவதில் அவர் எடுக்கும் வேகத்தில் மற்றவர்கள் முன்னோக்கியே சறுக்க முடியாது. பந்தயத்தின் நடுவில் உடம்பை ஒரு பக்கம் சாய்ப்பார், எதிராளி அந்தப் பக்கம் போவார், இவர் இந்தப் பக்கம் போய்விடுவார். புதிதாகப் பார்க்கிற எனக்கே அது புரிந்தது. நல்ல ஆட்டக்காரர் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

நாலாவது ஆட்டத்தை மறக்கவே முடியாது. நஸீம் காத்ரி கட்டைவிரலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அன்றைக்குத்தான் திரும்பி வந்தார். ஓவர்டைமில் அவர் அடித்த பக் (ரப்பர் வட்டு) எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கோலி தேடுகிறார், நடுவர் தேடுகிறார், டிவியில் பேசுபவர்களும் அமைதி. அது வலையின் மேல்பக்கம் சிக்கிக் கிடந்தது. இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் கூச்சல்.

ஜூன் 30 அன்று ஊர்வலம். விடுமுறை போட்டுவிட்டுப் போனேன். கோப்பை எனக்கு முன்னால் பத்தடியில் போனது. ஜெயித்த இரவே, குழுப்படம் எடுக்கத் தூக்கிக்கொண்டு வந்த வீரர் தடுக்கி விழுந்து அடிப்பாகம் நசுங்கிவிட்டது என்று படித்திருந்தேன். அந்தப் பள்ளம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன், வெயில் பட்டு ஒரே மினுமினுப்பு.

புளோரிடா 2025 ஆறு ஆட்டம் தோற்றது… இல்லை, கணக்குப் போடுங்கள்: டாம்பாவிடம் 1, உங்களிடம் 3, கரோலைனாவிடம் 1, எட்மன்டனிடம் 2. ஏழு. எங்களுக்கு நாலு. ஆபத்தான இடத்துக்கே போகாத அணியை ஏன் கீழே வைக்கிறீர்கள்?


லண்டன், ஒன்ராறியோவிலிருந்து:

காத்ரியின் பெயர் வந்ததால் எழுதுகிறேன். அவர் எங்கள் ஊர்ப் பிள்ளை. வென்ற ஒவ்வொரு வீரருக்கும் கோப்பையோடு ஒரு நாள் தருவார்கள். 2022 ஓகஸ்டில் அவர் அதை இங்கே கொண்டுவந்து முதலில் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போனார். ஸ்டான்லி கோப்பையை வென்ற முதல் முஸ்லிம் வீரர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம் இதே ஊரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் நாலு பேரை ஒருவன் வண்டியால் மோதிக் கொன்றிருந்தான். அந்த வலி ஆறாமல் இருந்த நேரம். நான் பக்கத்து வீட்டு அக்காவோடு போனேன். அவவுக்கு ஹொக்கி என்றால் என்னவென்றே தெரியாது. வெள்ளைக் கையுறை போட்ட காவலர் கோப்பையை இறக்கி வைத்தபோது அவவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது வடிவாக ஞாபகம் இருக்கிறது.

அந்த பிளேஆஃப்பில் சென் லூயிஸ் தொடரின் நடுவே அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். ஸ்காபரோ அண்ணன் கேட்ட அளவுகோல் இதுதான் என்றால் கொலராடோவும் ஆபத்தான இடத்தில் நின்றுதான் வென்றது.


எட்மன்டனிலிருந்து:

நான் புளோரிடாவுக்குத்தான் முதலிடம் தருவேன். ஆனால் 2025 அல்ல, 2024.

இறுதித் தொடரில் நாங்கள் 0-3. எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் 8-1, 5-3, 5-1. மூன்று வெற்றி தொடர்ந்து. ஆறாவது ஆட்டம் ஜூன் 21, கோடையின் ஆக நீளமான பகல்களில் ஒன்று. மைதானத்துக்கு வெளியே திரைக்கு முன்னால் நின்று பார்த்தேன். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போதும் வெளிச்சம். முன்பின் தெரியாத ஆட்கள் கட்டிப்பிடித்தார்கள். 0-3இல் இருந்து திரும்பி இறுதித் தொடரை வென்றது சரித்திரத்தில் ஒரே ஓர் அணி, 1942இல் ரொறன்ரோ. நாங்கள் இரண்டாவதாக இருப்போம் என்று ஊர் முழுக்க நம்பியது.

ஏழாவது ஆட்டத்தன்று எனக்கு வேலை. முதியோர் பராமரிப்பு. அறையில் ஒரு தாத்தா, எண்பதுகளில் எட்மன்டன் வென்ற கோப்பைகளை எல்லாம் நேரில் பார்த்தவர், கட்டில் கம்பியில் எங்கள் அணியான ஒய்லர்ஸின் பழைய கழுத்துத்துணியைச் சுற்றி வைத்திருந்தார். மருந்து கொடுக்கும் நேரங்களில் அவரோடு நின்று பார்த்தேன். 1-0, 1-1, பிறகு ரைன்ஹார்ட் அடித்து 2-1. மூன்றாம் பகுதி முழுக்க எங்கள் ஆட்கள் அடித்தார்கள், புளோரிடாவின் கோலி பொப்ரொவ்ஸ்கி விடவில்லை. முடிந்ததும் பிளேஆஃப்பின் சிறந்த வீரர் விருதை மக்டேவிட்டுக்கு அறிவித்தார்கள். 42 புள்ளி எடுத்தவர், தோற்ற அணிக்காரர். வாங்க வெளியே வரவில்லை. தாத்தா டிவியை நிறுத்தச் சொன்னார். துணியைக் கழற்றவா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மூன்று தடவை தொடர்ந்து அடி வாங்கி, நாடே எதிரணி பக்கம் சாய்ந்த பிறகு, ஒரு கோல் வித்தியாசத்தைக் கடைசிவரை காத்து நின்றது பெரிய காரியம். 2025இல் அவர்களுக்கு எப்படி வெல்வது என்று தெரியும். 2024இல் தெரியாமலேயே வென்றார்கள்.


மொன்றியலிலிருந்து:

டாம்பா 2021ஐ மூன்றாம் இடத்தில் வைத்ததை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் எங்களைத்தான் அவர்கள் தோற்கடித்தார்கள். ஜூன் 24, கியூபெக்கின் பெருநாள், ஆர்த்துரி லெஹ்கொனன் ஓவர்டைமில் அடித்து எங்களை இறுதித் தொடருக்குக் கொண்டுபோனார். கொவிட் காலம். மைதானத்துக்குள் 3,500 பேர்தான், வெளியே தெருவெல்லாம் சனம். பிறகு டாம்பா வந்து 4-1 என்று முடித்தார்கள். ஐந்தாவது ஆட்டம் 1-0. அந்த ஆண்டில் அவர்கள் வென்ற நாலு தொடரையும் வாசிலெவ்ஸ்கி ஒரு கோலும் விடாமல்தான் முடித்துவைத்தார். நாலும்! அதற்கு முந்தைய ஆண்டு வென்ற கோப்பையின் கடைசி ஆட்டத்தையும் சேர்த்தால் ஐந்து.

டாம்பாவின் குச்செரொவ் பருவம் முழுக்கக் காயப் பட்டியலில் இருந்துவிட்டு பிளேஆஃப்புக்கு வந்தது, சம்பள வரம்பை அதனால் தாண்டியது என்று அப்போது எங்கள் ஊரில் பெரிய கோபம். விதிக்குள் இருந்தது. நான் அதை வைத்து இடத்தைக் குறைக்கமாட்டேன்.

ஒரு விசயம், டென்வர் தம்பிக்கு. அதே லெஹ்கொனன்தான் அடுத்த ஆண்டு உங்களுக்குக் கோப்பையை வென்ற கோலை அடித்தார். நாங்கள் மார்ச்சில் அவரை உங்களுக்குக் கொடுத்துவிட்டோம்.


சென் லூயிஸிலிருந்து:

சுருக்கமாக. 2019 ஜனவரி 3ஆம் தேதி காலை நாங்கள் லீக்கிலேயே கடைசி. ஜூனில் பொஸ்டனில் போய் ஏழாவது ஆட்டத்தை 4-1 என்று ஜெயித்தோம். 1967இல் சேர்ந்த கழகத்துக்கு அதுதான் முதல் கோப்பை. திறமையில் எட்டில் எட்டாவது என்றாலும் வருத்தம் இல்லை.


ஒட்டாவாவிலிருந்து:

பெண்கள் லீக்கையும் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். மகள் உள்ளூர்ப் பிள்ளைகள் லீக்கில் கோலி, அதனால் நாங்கள் இதைத்தான் பார்க்கிறோம். மினசோட்டா 2024, 2025 இரண்டு ஆண்டும் அந்த லீக்கின் வால்டர் கோப்பையை வென்றது. இரண்டு தடவையும் பிளேஆஃப்புக்குள் நுழைந்ததே பெரும்பாடு. 2024இல் முதலிடம் பிடித்த ரொறன்ரோ தன் எதிரணியைத் தானே தேர்ந்தெடுக்கலாம், மினசோட்டாவைத் தேர்ந்தது, 2-0 என்று முன்னால் போய் 3-2 என்று தோற்றது. 2025 இறுதித் தொடர் எங்களோடு. நாலு ஆட்டம், நாலும் ஓவர்டைம், நாலும் 2-1. முதலாவது எங்களுக்கு, மீதி மூன்றும் அவர்களுக்கு. ஸ்காபரோ அண்ணனின் அளவுகோலால் அளந்தால் இந்த இழையில் இருக்கிற எந்த அணியும் இவர்களுக்குக் கிட்ட வராது.


மீண்டும் ஸ்காபரோவிலிருந்து:

எல்லோருடையதையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒட்டாவா அக்கா சொன்னதை வெட்டிப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. மினசோட்டாவுக்குத் தனி இழை தொடங்கவேண்டும். எட்மன்டன் தங்கச்சி எழுதியதைப் படித்தபின் புளோரிடா 2024ஐ நாலாவதாக ஏற்றிவிட்டேன். முதலில் ஆறாவதாக நினைத்திருந்தேன். டென்வர் தம்பியின் கணக்கு சரி, நாலு தோல்வி நாலுதான். ஆனாலும் என் முதலிடம் மாறவில்லை. மே 18ஐ நான் கண்ணால் பார்த்தவன்.

மகன் இன்னொன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். இந்த வளையத்தில் இன்னும் ஐந்து இடம் பாக்கி. 2030இல் நிரம்பும். அடுத்த வளையம் பூட்டும்போது மேலே இருந்து கழற்றப்போவது 1966இல் தொடங்கும் வளையம். ரொறன்ரோ கடைசியாக வென்ற 1967 அதில்தான் இருக்கிறது.

வாஷிங்டன் 2018, வேகஸ் 2023, இரண்டையும் யாரும் எடுக்கவில்லை. வாஷிங்டனின் ஒவெச்கின் கோப்பையைத் தூக்கிய இரவையோ, வேகஸ் 9-3 என்று முடித்த ஆட்டத்தையோ அங்கே இருந்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அதன் பிறகு ஐந்து முதல் எட்டு வரை நிரப்பலாம்.